மாட்டுக்கு எந்த ஐசி (அடையாள அட்டை)? சுங்கை சிப்புட் வட்டாரத்து மாடு, ஆடு வளர்ப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் மாடு வைத்திருப்பவர்களிடம் போய், "உங்கள் மாட்டை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பீர்கள்?" என்று கேட்டால் சிரிப்பார்கள். நெற்றிச் சுட்டி, கொம்பு வளைவு, நடை என்று பார்த்தே நாற்பது மாட்டையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அது உண்மைதான். ஆனால் அந்த அடையாளமெல்லாம் மாட்டுக்காரர் தலைக்குள் இருக்கிறது. மாடு லோரி ஏறிவிட்டால் அதோடு போவதில்லை. வாங்கிய வியாபாரிக்கு அது ஒரு சிவப்புக் காளை, அவ்வளவுதான். அவரிடமிருந்து கைமாறிய பிறகு அதுவும் இல்லை.

எங்கள் வட்டாரத்தில் மாடு, ஆடு வளர்ப்பவர்கள் சிலர் சேர்ந்து எல்லோரும் ஒரே மாதிரி அடையாளம் போடலாம் என்று பேசத் தொடங்கியிருக்கிறார்கள். ஒருவர் காதில் குத்தும் பிளாஸ்டிக் வில்லை போதும் என்கிறார். இன்னொருவர் சிப் வைத்ததைத்தான் வாங்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார். ஜிபிஎஸ் கழுத்துப்பட்டையின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியவரும் உண்டு. எது எதற்குப் பயன்படும், நம் ஊருக்கு எது ஒத்துவரும் என்று பார்த்து எழுதியிருக்கிறேன்.

முதலில் எதை வைத்து அளப்பது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். கோமாரிக் கிருமி மாட்டின் உடம்பில் புகுந்து நோய் வெளியே தெரிய 2 நாளும் ஆகலாம், 14 நாளும் ஆகலாம். வாயில் நுரை தள்ளி, குளம்பு புண்ணாகி மாடு நொண்டுவதற்கு முன்பே அது பக்கத்து மாட்டுக்குக் கொடுத்திருக்கும். அதனால் ஒரு மாடு படுத்துவிட்டால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கடந்த 14 நாளில் இந்தக் கொட்டகைக்கு எந்த மாடு எங்கிருந்து வந்தது, இங்கிருந்து எது எங்கே போனது? 2021ல் மலேசியாவுக்குள் வந்த தோல் கழலை நோய் என்றால் 28 நாள் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். கடிக்கிற ஈயும் கொசுவும் அதைப் பக்கத்துக் கொட்டகைக்குக் கொண்டுபோகும், லோரி அதை அடுத்த மாநிலத்துக்கே கொண்டுபோய்விடும். எந்த முறையானாலும் இந்தக் கேள்விக்கு ஒரே நாளில் பதில் சொல்ல முடிகிறதா என்றுதான் பார்த்தேன்.

இது எங்கேயோ நடக்கிற கதை இல்லை. இங்கிருந்து அரை மணி நேரத்தில் இருக்கும் ஈப்போவைச் சுற்றிய பன்றிப் பண்ணைகளில்தான் 1998ல் நீப்பா என்ற கிருமி நோய் தொடங்கியது. முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுவை விரட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் பன்றிகள் லோரி ஏறி நெகிரி செம்பிலானுக்குப் போய்விட்டன. புக்கிட் பெலண்டோக்கில் நோய் வெடித்தது அப்படித்தான். பிறகு சிங்கப்பூரில் பன்றி அறுக்கும் இடத்தில் வேலை பார்த்தவர்களுக்கும் அது வந்தது. மலேசியாவில் 265 பேருக்கு நோய் கண்டு 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கு வந்த கிருமி அது. மாநிலத்தைத் தாண்ட அதற்கு வௌவால் தேவைப்படவில்லை, லோரி போதுமாக இருந்தது.

சூடு, காது வெட்டு, பச்சை

பழைய முறைகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சூட்டுக்கோல் குறி அழியாது, தூரத்திலிருந்தும் தெரியும். ஆனால் மாட்டுக்கு வலி, தோலும் பாழ். எல்லாவற்றுக்கும் மேல் அது சொல்வது யாருடைய மாடு என்பதைத்தான். எந்த மாடு என்று அதிலிருந்து தெரியாது. காதை வெட்டி அடையாளம் வைப்பதும் அப்படித்தான். காதுக்குள் பச்சை குத்துவது மலிவு, விழுந்துவிடாது. கறுத்த காதில் அதைப் படிக்கக் கையில் டார்ச் லைட்டும் நிறையப் பொறுமையும் வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் ஆட்களில் பாதிப் பேர் அடையாளம் என்றதும் திருட்டைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள். நியாயம்தான், தோட்டத்தில் மேயவிட்ட மாடு இரவோடு இரவாகக் காணாமல் போவது புதிதல்ல. ஆனால் திருடன் முதலில் செய்கிற வேலை காது வில்லையை அறுத்து எறிவது. திருட்டுக்கு எதிராக வேண்டியது அகற்ற முடியாத அடையாளம். நோய்த் தேடலுக்கு வேண்டியது எல்லோரும் சுலபமாகப் படிக்கக்கூடிய எண். ஒரே பொருளில் இரண்டும் முழுசாகக் கிடைக்காது. எதற்காக வாங்குகிறோம் என்று தெளிவில்லாமல் வாங்கினால் இரண்டுக்கும் உதவாத ஒன்றுக்குக் காசு கொடுப்போம்.

பிளாஸ்டிக் காது வில்லை

தமிழ்நாட்டுக்குப் போய்வந்தவர்கள் மாடுகளின் காதில் மஞ்சள் வில்லையைப் பார்த்திருப்பார்கள். பசு ஆதார் என்று சொல்லப்படும் 12 இலக்க எண் அதில் இருக்கும். தடுப்பூசிக் கணக்கெல்லாம் அந்த எண்ணில்தான் ஏறுகிறது. கோடிக்கணக்கான சிறு மாட்டுக்காரர்கள் உள்ள நாடு அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் சாதாரணம்: மலிவு, கண்ணால் படிக்கலாம், எந்தக் கருவியும் வேண்டாம். இங்கும் ஒரு வில்லை சில வெள்ளிதான் (ரிங்கிட்). குத்தும் இடுக்கி ஒன்றை நாலைந்து பேர் பகிர்ந்துகொள்ளலாம், ஒவ்வொரு மாட்டுக்கும் நடுவில் மருந்து தண்ணீரில் முக்கி எடுத்தால்.

குறை என்ன? விழும். செம்பனை மட்டையிலும் முள்வேலியிலும் மாட்டி இழுபடும்போது காதைக் கிழித்துக்கொண்டும் விழும். அதற்காகத்தான் ஐரோப்பாவில் மாட்டுக்கு இரண்டு காதிலும் ஒரே எண்ணைப் போடச் சொன்னார்கள். ஒன்று விழுந்தாலும் மற்றொன்று இருக்கும், அதைப் பார்த்துப் புதியதைப் போட்டுக்கொள்ளலாம். செலவு இரட்டிப்பானாலும் நமக்கும் அதுதான் சரி. இன்னொன்று, வெற்று வில்லை வாங்கி மார்க்கர் பேனாவால் எண் எழுதாதீர்கள். நம் வெயிலுக்கும் மழைக்கும் ஒரு வருடத்தில் பாதி எண் போய்விடும். லேசரில் பொறித்துத் தருவதைக் கேட்டு வாங்குங்கள்.

சிப் வைத்த வில்லை

இதைப் பற்றித்தான் நிறையக் குழப்பம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கால்நடைக்கான மின்னணு அடையாளத்துக்கு ஐஎஸ்ஓ 11784, 11785 என்ற இரண்டு உலகத் தரங்கள் உண்டு. அலைவரிசை 134.2 கிலோஹெர்ட்ஸ். சிப்புக்குள் 15 இலக்க எண் இருக்கும். முதல் மூன்று இலக்கம் நாட்டுக் குறியீடு, மலேசியாவுக்கு அது 458. அல்லது 900 முதல் 998 வரை உள்ள எண்களில் ஒன்றாக இருக்கும், அது தயாரிப்பாளர் குறியீடு. 999 என்று தொடங்கினால் அது சோதனைக்கான எண். இணையக் கடைகளில் ரொம்ப மலிவாகக் கிடைக்கும் சிப்புகளில் 999 என்று தொடங்குபவை உண்டு. அந்த எண் உலகத்தில் வேறு மாட்டுக்கும் இருக்கலாம். இரண்டு பேருக்கு ஒரே ஐசி நம்பர் கொடுத்தால் என்ன கூத்து நடக்குமோ அதுதான் நடக்கும். 125 கிலோஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள். அது அலுவலகக் கதவு திறக்கும் அட்டைக்கானது, கால்நடைக் கருவி அதைப் படிக்காது.

சிப்பின் உண்மையான லாபம் வேகமும் பிழையின்மையும்தான். இருட்டில், மழையில், சேறு பூசிய காதில் 12 இலக்கத்தைப் படித்து நோட்டில் எழுதும்போது 6ஐ 8 ஆக்கிவிடுவோம். சிப்பைப் படிக்கும் கருவி அப்படித் தவறாது. ஆனால் கையில் பிடிக்கும் கருவியைக் காதுக்கு ஒரு சாண் கிட்டே கொண்டுபோக வேண்டும். அந்த அளவு கிட்டே போக முடிந்தால் எண்ணைக் கண்ணாலேயே படித்துவிடலாமே! மாடுகளை ஒவ்வொன்றாக நிறுத்தும் கூண்டு இருந்து, நூறு மாட்டை ஒரு காலையில் பார்க்க வேண்டியவருக்குத்தான் இந்தக் கருவி தன் விலையைத் திருப்பிக் கொடுக்கும். கருவி நல்லதாக வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கில் வெள்ளி. பதினைந்து மாடு வைத்திருப்பவருக்கு அது ஒரு கன்றின் விலை.

அப்புறம், சில மீட்டர் தூரத்திலிருந்தே பல மாட்டை ஒன்றாகப் படிக்கும் யுஎச்எஃப் (உயர் அலைவரிசை) வில்லைகள். லோரியில் ஏறும்போதே எண்ணிவிடலாம் என்பது பெரிய வசதி. அந்த அலைகளைத் தண்ணீர் விழுங்கிவிடும் என்பது பெரிய தொல்லை. நனைந்த காதும் நெருக்கியடித்து நிற்கும் உடம்புகளும் அதை மறைக்கும். பேராக்கின் மழையை நினைத்துப் பார்த்தால் எனக்கு இதில் அவ்வளவு நம்பிக்கை வரவில்லை.

ஆஸ்திரேலியா 1999ல் தொடங்கி 2005க்குள் எல்லா மாட்டுக்கும் மின்னணு வில்லையைக் கட்டாயமாக்கியது. உருகுவே 2006லிருந்து. இரண்டும் மாட்டிறைச்சியை நிறைய ஏற்றுமதி செய்யும் நாடுகள், செலவுக்குத் தகுந்த வரவு அவர்களுக்கு உண்டு. ஜப்பானில் 2001ல் பைத்தியமாட்டு நோய் கண்டதும் 2003ல் சட்டமே போட்டார்கள். கடையில் வாங்கும் இறைச்சியிலேயே 10 இலக்க எண் இருக்கும், அதைத் தட்டினால் மாடு பிறந்த இடம் வரைக்கும் தெரியும். நம் கொட்டகைக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்டால், இப்போதைக்கு இல்லை என்பதுதான் என் பதில்.

வயிற்றுக்குள் போகும் குண்டு, தோலுக்கடியில் சிப், கழுத்துப்பட்டை

பீங்கான் குண்டுக்குள் சிப்பை வைத்து மாட்டை விழுங்க வைப்பது ஒரு முறை. வயிற்றின் இரண்டாம் அறையில் ஆயுசுக்கும் தங்கிவிடும், விழாது, திருடனால் எடுக்கவும் முடியாது. போட்ஸ்வானா தன் மாடுகளுக்கு இதைத்தான் முதலில் போட்டது, பிறகு காது வில்லைக்கு மாறிவிட்டது. வெளியே இருந்து பார்த்தால் மாட்டுக்கு அடையாளம் இருக்கிறதா என்றே தெரியாது, கருவி இல்லாதவருக்கு அது எதுவுமே இல்லாத மாடுதான். உயர்சாதி இனக் காளை வைத்திருப்பவர் திருட்டைச் சமாளிக்க இதைப் போடலாம், வெளியே தெரிகிற வில்லையோடு சேர்த்து.

நாய்க்குப் போடுவதுபோல் தோலுக்கடியில் சிப் போடுவதை இறைச்சிக்குப் போகும் விலங்குக்கு வேண்டாம் என்பேன். அது இடம் நகரும், அறுக்கும்போது தேடி எடுக்காவிட்டால் இறைச்சியோடு போய்விடும். ஜிபிஎஸ் பட்டை மேய்ச்சலில் தொலைந்த மாட்டைத் தேட நல்லது. ஆனால் பேட்டரி, சிக்னல், விலை என்று மூன்று தலைவலி, நோய்த் தேடலுக்கு அதனால் கூடுதல் பலன் கொஞ்சம்தான். மூக்கு ரேகையைக் கைப்பேசியில் படம் பிடிக்கும் முறையும் வந்திருக்கிறது. சுவாரசியமானது, பார்த்துக்கொண்டிருக்கலாம்.

ஆட்டை மறந்தால்

2001ல் பிரிட்டனில் கோமாரி வந்தபோது அங்கே மாட்டுக்கெல்லாம் வில்லையும், பாஸ்போர்ட் என்ற அடையாளத் தாளும் இருந்தன. செம்மறியாட்டுக்குத் தனித்தனி எண் இல்லை, மந்தைக்கு ஒரு குறிதான். சந்தைக்குச் சந்தை போன ஆடுகள் வழியாகக் கிருமி நாடு முழுக்கப் பரவிய பிறகுதான் நோயே கண்டுபிடிக்கப்பட்டது. கடைசியில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகளைக் கொன்றார்கள். ஆட்டில் கோமாரி அவ்வளவாக வெளியே தெரியாது, லேசாக நொண்டும், இரண்டு நாளில் சரியாகிவிடும். அதுதான் ஆபத்து.

நம் ஊரில் ஆடு எப்படி நகர்கிறது என்று பாருங்கள். முனியாண்டி கோயில் படையலுக்கு ஒரு கிடா, தீபாவளிக்கு நாலு, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு லோரி. வியாபாரி பல இடங்களில் பொறுக்கி ஒரே கொட்டகையில் அடைத்து, விற்காததை இன்னொரு தோட்டத்துக்கு ஓட்டிப்போவார். மாட்டுக்கு மட்டும் வில்லை போட்டுவிட்டு ஆட்டை விட்டுவிட்டால் வாசலைப் பூட்டிக் கொல்லையைத் திறந்து வைத்த வேலைதான்.

ஆனாலும் ஒவ்வொரு ஆட்டுக்கும் தனி எண் என்று ஆரம்பிக்க வேண்டாம். இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்ளும் ஆட்டுக்குத் தனி எண், அறுப்புக்குப் போகும் குட்டிகளுக்கு எந்தக் கொட்டகை என்று காட்டும் கொட்டகை எண் மட்டும் போட்ட சின்ன வில்லை, கூடவே எத்தனை தலை எங்கே போனது என்ற சீட்டு. ஆஸ்திரேலியாவிலேயே ஆட்டுக்கும் செம்மறிக்கும் நீண்ட காலம் இப்படி மந்தைக் கணக்குதான் இருந்தது. 2025 ஜனவரியிலிருந்துதான் புதிதாகப் பிறக்கும் குட்டிகளுக்கு மின்னணு வில்லை என்று நாடு முழுக்க ஆக்கினார்கள்.

நோட்டும் கொட்டகை எண்ணும்

வில்லைக்குச் செலவாகும் காசைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறோம். யார் எழுதி வைப்பது என்று கேட்டால் கூட்டம் அமைதியாகிவிடுகிறது. 458ல் தொடங்கும் அழகான சிப் காதில் இருந்தாலும், மாடு கைமாறிய தேதியும் இடமும் எழுதப்படவில்லை என்றால் 14 நாள் கேள்விக்குப் பதில் கிடையாது. மலிவான வில்லையோடு ஒழுங்காக எழுதிய நோட்டு இருந்தால் பதில் உண்டு. தேதி, வில்லை எண், எங்கிருந்து, எங்கே, லோரியின் நம்பர் பிளேட், கால்நடைச் சேவைத் துறையின் பெர்மிட் எண். ஆறு கட்டம் போதும். பக்கத்தைப் படம் பிடித்துக் குழு வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டால் நோட்டு நனைந்தாலும் நகல் இருக்கும். வேறு மாநிலத்துக்குப் போகும் மாட்டுக்குப் பெர்மிட் எடுக்காமல் இரவில் ஏற்றும் வியாபாரிக்கு விற்பதில்லை என்று குழுவாக முடிவெடுத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். விலை கொஞ்சம் குறையும், அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கொட்டகை எண் என்றதும் சிலர் தயங்குவது எனக்குப் புரிகிறது. பலருக்குச் சொந்த நிலம் கிடையாது. தோட்டத்து ஓரத்தில் தாத்தா காலத்திலிருந்து கொட்டகை, எழுதிக் கொடுத்தால் காலி பண்ணச் சொல்வார்களோ என்ற பயம். இந்தியாவிலிருந்து வந்தவர்களோடு வந்த மாடுகளின் வழித்தோன்றலைத்தான் இந்த நாட்டுக் கால்நடை ஆய்வுகளில் உள்ளூர் இந்தியப் பால்மாடு என்று தனி இனமாகவே குறிப்பிடுகிறார்கள். மாட்டுக்கு இருக்கும் அந்தப் பதிவு மாட்டுக்காரருக்கு இல்லை. நோய்த் தேடலுக்கு வேண்டியது கொட்டகை நிற்கும் புள்ளி மட்டும்தான், நிலம் யார் பெயரில் என்பது வேறு விஷயம். இரண்டையும் கலக்காமல் பதிந்துகொள்ள முடியுமா என்று கால்நடைச் சேவைத் துறையில் குழுவாகவே போய்க் கேட்பது நல்லது. தனியாகப் போனால் தயக்கம்தான் ஜெயிக்கும்.

பால் விற்பவர்களுக்கு

பாலில் கதை கொஞ்சம் மாறும். பத்து மாட்டுப் பாலும் ஒரே கேனில் கலந்த பிறகு எந்த மாடு என்பதை யாராலும் சொல்ல முடியாது. அங்கே தேவைப்படுவது இன்ன நாள், இன்ன கொட்டகை என்ற கணக்கும், மருந்து போட்ட மாட்டைக் கேனுக்கு வெளியே வைக்கும் அடையாளமும். மடி வீங்கி ஆன்டிபயாடிக் ஊசி போட்டால், மருந்துப் புட்டியில் சொன்ன நாள் வரைக்கும் அந்தப் பாலை விற்கக் கூடாது. அதற்குச் சிவப்புக் கால்பட்டை ஒன்று பின்னங்காலில் கட்டினால் போதும். கறப்பவர் வேற்று ஆளாக இருந்தாலும் குனிந்ததும் கண்ணில் படும். சிப் இதைச் செய்யாது.

ஆட்டுப்பால் விற்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பினாங்கில் 2010, 2011ல் காய்ச்சாத ஆட்டுப்பாலைக் குடித்தவர்களில் 79 பேருக்குப் புரூசெல்லா காய்ச்சல் வந்தது. இரத்தப் பரிசோதனையில் எந்த ஆட்டுக்கு நோய் என்று தெரிந்தாலும், அந்த ஆடு எது என்று காட்ட எண் இல்லை என்றால் மந்தை மொத்தமும் சந்தேகத்துக்குள் வரும். அதனால் கறவை ஆடு ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க வழியில்லை.

யாருக்கு எது

முப்பது மாட்டுக்குக் குறைவாக வைத்திருப்பவர்கள் இரண்டு காதிலும் லேசர் பொறித்த பிளாஸ்டிக் வில்லை, கூடவே நோட்டு. எங்கள் குழுவில் பெரும்பாலோர் இந்த வகைதான். பெரிய மந்தை, கூண்டு, கணினி எல்லாம் உள்ளவர் ஒரு காதில் பிளாஸ்டிக், மறு காதில் 134.2 சிப் என்று போகலாம், சிப்பின் எண்ணையும் வில்லை எண்ணையும் ஒரே வரியில் எழுதி வைத்துக்கொண்டு. மைகேப் என்ற நல்ல பண்ணை முறைச் சான்று வாங்க நினைப்பவருக்கும் கணக்கு இப்படி இருந்தால் வேலை சுலபம். நாளைக்கே அரசாங்கம் சிப்பைக் கட்டாயமாக்கினாலும் இன்று போட்ட எண்களைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, பக்கத்தில் இன்னொரு கட்டம் சேர்த்தால் போதும். ஒரே ஒரு விதி: செத்த மாட்டின் எண்ணை அடுத்த கன்றுக்குக் கொடுக்காதீர்கள்.

குத்தும் நேரத்தையும் பார்க்க வேண்டும். நம் நாட்டில் புண்ணில் முட்டை வைக்கும் ஈ உண்டு, ஈரமான மாதத்தில் காதைக் குத்திவிட்டு விட்டால் ஒரே வாரத்தில் புழு நெளியும். மழை குறைந்த நாளாகப் பார்த்து, காலையில், காதின் இரண்டு குருத்தெலும்பு வரிகளுக்கு நடுவில், இரத்தக்குழாயைத் தவிர்த்துக் குத்த வேண்டும். ஈ விரட்டும் மருந்தைத் தடவிவிட்டு, புண் ஆறும் வரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பார்க்க வேண்டும். கன்றுக்குப் போடும்போது வில்லைக்கும் காதுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விடுங்கள், காது வளர இடம் வேண்டும்.